உள்ளங்கையில் ஒரு வரி

குருநகர் கடற்கரை வீதியோரம் ஸ்கூட்டியை நிறுத்தி, பேனை மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, இடது உள்ளங்கையில் அவசரமாக எழுதுகிறாள் றிஹானா. பார்ப்பவர்கள் தொலைபேசி இலக்கம் என்று நினைப்பார்கள். அது பிஎச்பி என்னும் கணினி மொழி நிரலில் ஒரு வரி. எந்த விவரம் எந்த இடத்தில், எத்தனை எழுத்து அகலத்தில் வரவேண்டும் என்று சொல்லும் பிரின்ட்எஃப் கட்டளை. அந்த வரி நாலுபேர் கண்முன்னே சரியாக ஓடும்வரை கையை அழிக்கவே மாட்டாள். பாத்திரம் கழுவச் சொன்னால் கையை விரித்துக் காட்டித் தப்பிவிடுவாள்.

வாப்பா யூசுப் தையற்காரர். அளவெடுக்கும் புத்தி அங்கிருந்துதான் வந்தது என்பது உம்மாவின் கட்சி. ஆனால் போன கிழமை அந்தப் புத்தி புல் மேயப் போயிருந்தது.

மீனவர் சங்கத்துத் திரையில் படகோட்டியின் பெயரும் கரைசேர்ந்த நேரமும் தெரியவேண்டும். பெயருக்கு இருபது இடம், மிஞ்சினால் வெட்டு என்று எழுதியிருந்தாள். ஆங்கிலப் பெயர்களைப் போட்டுப் பார்த்தபோது அச்சுப்போல நின்றது. தமிழில் ஒவ்வொரு குறியையும் கணினி மூன்றாக எண்ணும் என்பதை மறந்துபோனாள். செல்வரட்ணமும் செல்வராசாவும் ‘செல்வர’ ஆனார்கள். ஒன்றில் கரைசேர்ந்த நேரம், மற்றதில் இன்னும் கரைசேரவில்லை என்று வெறும் கோடு. சங்கச் செயலாளரும் செல்வரட்ணத்தின் மனைவியுமான செபஸ்தியம்மா அந்த வெறும் கோட்டைப் பார்த்துக் கடலை நோக்கி அழுதுகொண்டு நின்றார். கணவரோ சங்கக் கட்டடத்தின் பின்பக்கம் வலை உதறிக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்கா உப்பிடி நடந்தா பழைய கரும்பலகைதான், பிள்ளை.”

“அளவெடுக்காமல் வெட்டிப்போட்டன் அன்ரி. ஆரின்ரை பேரையும் வெட்டலாமோ!”

இன்று காலை அதே திரையில், உள்ளங்கையில் எழுதிவைத்த புது வரி ஓடுகிறது. றிஹானாவுக்கு நிலைகொள்ளவில்லை. அவ்வளவு சந்தோசம், அவ்வளவு பயம்.

“பாருங்கோ அன்ரி! நேரம் முன்னுக்கு, பேர் கடைசியில. எவ்வளவு நீண்டாலும் இடிக்க ஒண்டுமில்லை, வெட்டவும் தேவையில்லை!”

06:10, செல்வராசா. அடுத்த வரியில் இன்னும் கோடுதான். செபஸ்தியம்மா செபமாலையை இறுகப் பிடித்திருக்கிறார். இறங்குதுறையில் இயந்திரச் சத்தம் கேட்கிறது. சங்கத்துப் பையன் நேரத்தைப் பதிகிறான். கோடு மறைகிறது. 06:42.

செபஸ்தியம்மா திரையருகே போய், விரல் வைத்து, எழுத்தெழுத்தாக வாசிக்கிறார். “செல்... வ... ரட்... ணம். ஓம், எங்கடை ஆள்தான்.”

றிஹானா பெருவிரலை நாக்கில் தொட்டு, உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கிறாள்.