காரிய நாள் மாலைக்குள் ஒரு தலைப்பு

நெல்லிக்குப்பத்தில், ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் விடிய விடிய வரிசை கட்டும் பருவத்தில் பிறந்தவர் எங்கள் அண்ணன். கரும்பு வெட்டப் போன அப்பாவின் கைக்காயங்களைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, விரல் நோகாத வேலை வேண்டும் என்று தட்டச்சு படித்தார். கடலூரில் ஒரு வக்கீலிடம் வருடக்கணக்கில் தட்டினார். பிறகு செம்மண்டலத்தில் ஜெராக்ஸ் கடை போட்டார். புயலில் கடைக் கூரை பறந்தபோது எந்திரத்தின் மேல் குப்புறப் படுத்து அதைக் காப்பாற்றினார். அந்த எந்திரமும் மகள் தேன்மொழியும்தான் அவர் உலகம்.

கல்லூரி விண்ணப்பம் என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அண்ணன் கடைக்குத்தான் வருவார்கள். அச்சடித்த தாளின் சூடு ஆறுவதற்குள் தாய்மார்கள் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். 'உன்னைப் பற்றி எழுது' என்று விண்ணப்பம் கேட்டால், அதற்கு அண்ணனிடம் ஒரு தயார் பத்தி உண்டு. சிறு வயது முதல் ஆர்வம், ஏழ்மை, நாட்டுக்குச் சேவை. பெயரை மட்டும் மாற்றி அடிப்பார். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே சிறு வயது.

தேன்மொழி ஆசைப்பட்ட வெளியூர்க் கல்லூரி ஒரு கட்டுரை கேட்டது. அதை வைத்துத்தான் இடமும் உதவித்தொகையும். உன்னை உருவாக்கிய ஒன்றைப் பற்றி எழுது, தலைப்பு உன் விருப்பம். அண்ணன் தயார் பத்தியை எடுத்து நீட்டினார்.

"இது என் கதை இல்லப்பா. ஊரு கதை."

அந்த வாரமே அவருடைய சிறுநீரகங்கள் கைவிட்டன. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பள்ளி விட்டதும் பிள்ளை பஸ் ஏறி வருவாள். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஆளுக்கொரு தலைப்பும் கொண்டுவந்தார்கள்.

"மழைநீர் சேகரிப்பு எழுதுடி. எப்பவும் அதான் வரும்" என்றார் அண்ணியின் தம்பி.

"மாமா, அது பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு."

அண்ணன் சிரித்தார். சிரித்துவிட்டு, இருமலுக்கு நடுவே சொன்னார்: "என் வியாதிய எழுது, கண்ணு. அதான் எடுபடும். எத்தினி அப்ளிகேஷன் பாத்தவன் நானு."

"ஒன்ன வித்து நான் படிக்கணுமா?"

"சும்மாதானே படுத்துக் கெடக்கறேன். இதுக்காவது ஒதவறேனே."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். வேறு தலைப்பு தேடினாள். பஸ் ஜன்னலில், பள்ளிக்கூட மைதானத்தில், பூட்டிக் கிடந்த கடை ஷட்டரில் தேடினாள். எங்கே புறப்பட்டாலும், ஐயோ, எல்லாத் தலைப்பும் சுற்றி வந்து அந்தக் கட்டில் காலிலேயே முட்டின. எழுதுவாள், அழிப்பாள். அழித்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் பழம் உரிப்பாள்.

தினமும் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தலைப்பு முடிவாச்சா?"

கடைசி நாள், ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்தும் அதையே கேட்டார்.

"ஆச்சுப்பா."

"இன்னாது?"

"எழுதிட்டுப் படிச்சுக் காட்டறேன்."

ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அண்ணனுக்கு இரத்தம் கொடுக்கச் சிதம்பரத்துக்கு ஓடி வந்த பிள்ளைகளே, அந்த ஒரே சிறு வயதை அவர் கையால் வாங்கிப் போனவர்களே, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் தீராது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அண்ணியைத் தாங்கிப் பிடித்த தெருக்காரர்களுக்கும் கை கூப்புகிறோம்.

இந்த நினைவு மலருக்காக நான் எழுதியதை, அச்சுக்குக் கொடுக்கும் முன் தேன்மொழி வாங்கிப் படித்தாள். "ஒங்களுக்கு மட்டும் எப்படி அத்தை, அப்பா தலைப்பா வந்துட்டாரு?" என்றாள்.

நீங்கள் இந்த மலரைக் கையில் வாங்கும் காரிய நாளில்தான், மாலையோடு கல்லூரியின் கெடுவும் முடிகிறது. அவள் கடையில், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உறவினர்களே, இத்தனை உதவி செய்த நீங்கள் இன்னும் ஒன்று செய்ய வேண்டும். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்த ஷட்டரை மட்டும் தட்டாதீர்கள். அவளுக்கு யாரும் தலைப்பு சொல்லாதீர்கள்.