இரண்டாவது நிபுணர்

2023 ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. வானம் மூடிக் கிடந்தது. துறைமுகப் பக்கமிருந்து பேருக்குக்கூடக் காற்றில்லை. என் சட்டத்தரணி தொலைபேசியில் சொன்னார்: "ஐயா, உங்கட எஞ்சினியர் விடியப்புறம் கண்ணை மூடிட்டாராம்."

"சாகமுதல் அறிக்கையைத் தந்தவரோ?" என்று கேட்டேன்.

தரவில்லை.

காலமான என் தங்கையின் மகன், பக்கத்து வளவில் மூன்று மாடி விடுதி கட்ட ஆழமான அத்திவாரக் கிடங்கு வெட்டியிருந்தான். அதன்பிறகு எங்கள் படுக்கையறைச் சுவரில் பத்தொன்பது வெடிப்புகள். நடக்க ஏலாத என் மனைவியின் கட்டில் அந்தச் சுவரோரம்தான் கிடந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன். வெடிப்புக்குக் காரணம் கிடங்குதான் என்று சொல்ல என் சாட்சிப் பட்டியலில் இருந்த ஒரே நிபுணர் இவர். பட்டியலோ எப்போதோ மூடியாயிற்று.

மறுநாள் கட்டைபறிச்சானில் அவருடைய செத்தவீட்டுக்குப் போனேன். பிரேதத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு அவர் மனைவியிடம் அறிக்கையைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் பிரேதப் பெட்டிக்குள்ள கிடக்கும், தேடிப் பாருங்கோ" என்றார். பிறகு, "அவர் எழுதேல்லை ஐயா. எழுதினால் நீங்கள் தாங்கமாட்டீங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டவர்" என்றார். சோம்பலுக்குச் சொன்ன சாட்டு என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

பட்டியலை மறுபடி திறந்து வேறொரு நிபுணரைச் சேர்க்க மனுப் போட்டோம். நீதிமன்ற விறாந்தையில் மருமகன் வந்து பக்கத்தில் நின்றான்.

"மாமா, இந்த முறை இளம் ஆளாய்ப் பிடியுங்கோ. வழக்கு முடியுமட்டும் ஒராளாவது உயிரோட இருக்கவேணும்."

நீதிபதி அனுமதித்தார். எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட செலவை நான் கட்ட வேண்டும். அவர்களும் ஒரு நிபுணரைச் சேர்க்கலாம். வெளியே வந்ததும் மருமகன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "பெரிய உபகாரம் மாமா. எங்கட சட்டத்தரணி பட்டியலில எஞ்சினியரைப் போட மறந்துபோனவர். கதவை நீங்களே திறந்து விட்டிட்டீங்கள்."

இரண்டு நிபுணர்களும் ஒரே நாளில் வந்தார்கள். என் தரப்புக்கு வந்தவர் ஓர் இளம்பெண். கட்டிலை நகர்த்தச் சொல்லிவிட்டுப் பூச்சை உடைத்தார். உள்ளே கம்பிகள் துருவேறிப் பருத்து, சுவரைப் பிளந்துகொண்டிருந்தன. உப்புப் போகக் கழுவாத கடல் மண்ணில் கட்டிய சுவர் என்றார். மருமகன் தரப்பில் வந்தவரும் ஆமென்று தலையாட்டினார்.

இறந்தவர் எதை எழுதாமல் வைத்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

"பிள்ளை, நான்தானே உங்களைக் கூப்பிட்டனான்" என்றேன்.

"ஓம் ஐயா, கூப்பிட்டது நீங்கள்தான். கூண்டில ஏறிச் சத்தியம் செய்யப்போறது நானல்லோ."

இரண்டு அறிக்கைகளும் ஒன்றையே சொல்லின: வெடிப்புக்கும் கிடங்குக்கும் தொடர்பில்லை, அந்த அறை ஆட்கள் இருக்கத் தகாதது. வழக்குத் தள்ளுபடியானது. இரண்டாவது வரியை மருமகன் நகரசபைக்குக் கொண்டுபோனான். அறையை இடிக்கக் கட்டளை வந்தது. இடித்த நாளன்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாமி, இனிக் காத்து நல்லா வரும்" என்றான்.

மனைவி இப்போது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கிறாள். என்னோடு கதைப்பதில்லை.

இறந்தவரோடு சேர்த்து என் இரண்டு நிபுணர்கள், சட்டத்தரணி, இரு தடவை கட்டிய எதிர்த்தரப்புச் செலவு, இடிகூலி, செத்தவீட்டுக்குப் போய்வந்த ஓட்டோ எல்லாமாக: ஆறு இலட்சத்துப் பதினேழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.