பென்சிலில் வந்த அத்தியாயங்கள்

நீளமான வாக்கியம் ஒன்றை ஒரே மூச்சில் வாசிக்க முடியாமல் போனதுதான் முதல் அறிகுறி.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம். எனக்குப் பதினாறு வயது. சாந்தோமில் எங்கள் வீட்டு மாடி அறையில், நானும் தங்கை ரோஸும் சேர்ந்து எழுதிய நாவலின் புதிய அத்தியாயத்தை அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். முத்து வியாபாரியின் உடலைக் கிணற்றிலிருந்து தூக்கும் இடம். பாதியில் இருமல் வந்தது.

"ரொம்ப நடிக்காதக்கா, மேல படி," என்றாள் ரோஸ். அவளுக்குப் பதிமூன்று.

துப்பறியும் நாவல்களை அப்பா அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். எங்கள் வயதுப் பெண்களுக்கென்று அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நாங்களே எழுதத் தொடங்கினோம். போர்த்துக்கீசியர் காலத்து மயிலாப்பூர். அங்கே ஒரு கொலையைத் துப்புத் துலக்கும் இரண்டு பள்ளிக்கூடத்துப் பெண்கள். அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். "இருந்துச்சுன்னு எழுதினா இருந்துச்சு," என்று ரோஸ் முடித்துவிட்டாள். ஒரு அத்தியாயம் நான், அடுத்தது அவள். ஒரே நோட்டு, ஒரே கொசுவலை.

இருமல் நிற்கவில்லை. மாலையானால் உடம்பு லேசாகச் சுட்டது. ஒரு காலை கைக்குட்டையில் ரத்தம் கண்டேன். அதை மூன்று வாரம் மறைத்தேன். தெரிந்தால் எழுத விடமாட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இந்தக் கட்டுரையில் எழுதக் கடினமாக இருந்தது இதுதான்.

மயிலாப்பூர் டாக்டர் கோழையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய். இடது நுரையீரலில் கேவிட்டி (நோய் அரித்து உண்டாக்கிய குழி) இருந்தது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். "இந்த வருஷப் பரீட்சை எழுதலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

"முதல்ல பொண்ணு உயிரோட இருக்கட்டும் வாத்தியாரே."

ஊருக்கு வெளியே இருந்த காசநோய் சானடோரியத்தில் என்னைச் சேர்த்தார்கள். நாள் முழுவதும் வராந்தாக் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை நியூமோதொராக்ஸ் (விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி, காற்றேற்றி, நோயுற்ற நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் முறை). ஊசி உள்ளே போகும்போது வலியைவிட, தோள்பட்டைக்குள் யாரோ உட்கார வருவது போன்ற பாரம்தான் அதிகம்.

என் அத்தியாயங்களைக் கடிதமாக வீட்டுக்கு அனுப்பினேன். மல்லாந்து எழுதினால் பேனாவில் மை இறங்காது, ஆகவே பென்சில்.

"இன்னா பாப்பா, இன்னும் எழுதிக்கினு கீறியா? டாக்டரு பார்த்தா என்னைத்தான் திட்டுவாரு," என்பாள் வார்டு ஆயா. பிறகு அவளே கடிதத்தைத் தபாலில் சேர்ப்பாள். கிருமி சாகட்டும் என்று அம்மா அதை இஸ்திரி போட்டுச் சூடாக்கிய பிறகே ரோஸிடம் கொடுப்பாளாம். சனிக்கிழமை தோறும் ரோஸின் அத்தியாயம் நீல மையில் வரும்.

நான்காம் மாதம் ஓர் அத்தியாயம் பென்சிலில் வந்தது. பேனா உடைந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்ததும் பென்சில். எழுத்து அழுத்தமில்லாமல், வலப்பக்கம் சரிந்து இறங்கியது. நாலைந்து சொற்களுக்கு மேல் எந்த வாக்கியமும் போகவில்லை. தெருத்தெருவாக ஓடித் துப்புத் தேடிய பெண், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார்.

"ரோஸ் எங்கப்பா?"

"பரீட்சை வருதும்மா. படிக்கிறா."

"அவ படுத்துக்கிட்டு எழுதுறாப்பா."

அப்பா குடையைத் தரையில் ஊன்றி, அதன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"சொன்னா நீ தேற மாட்டேன்னு அம்மா பயந்தா."

அவளுக்கு வந்தது வேகமாகப் பரவும் வகை. இரண்டு நுரையீரலும் கெட்டிருந்ததால் காற்றேற்ற வழியில்லை. சுருக்குவதற்கு ஒன்றென்றால், மூச்சு விடுவதற்கு நல்லது ஒன்று வேண்டும். வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதேன். டாக்டர் விடவில்லை.

அடுத்த கடிதத்தில் கதை இல்லை. அரைப் பக்கம்தான். "அக்கா, உன் பக்கத்துக் கட்டில் காலியா இருக்கா?" என்று கேட்டிருந்தாள்.

காலியாக இல்லை. ஆனாலும், "காலியாத்தான் இருக்கு, சீக்கிரம் வா" என்று எழுதினேன். அம்மா அதை அவளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாளாம். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில், குருத்து ஞாயிற்றுக்கு முன்பு, ரோஸ் இறந்தாள். அடக்கத்துக்கு என்னை அனுப்பவில்லை.

காற்றேற்ற வந்த டாக்டரிடம் கேட்டேன்: "எங்கிட்டேயிருந்துதானே டாக்டர்?"

அவர் ஊசியைப் பார்த்தபடி, "அதைச் சொல்ல வழியில்லம்மா. கையைத் தூக்கு," என்றார்.

வழி இருந்தது. மூன்று வாரங்கள், ஒரே கொசுவலை. துப்புத் துலக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்த ஆண்டு நான் வீடு திரும்பினேன். வீடு திரும்புகிறவர்கள் காகிதம் எதையும் கூடவே எடுத்துப் போகக்கூடாது என்பது சானடோரிய விதி. ரோஸின் அத்தியாயங்களை என் கண்ணெதிரே அடுப்பில் போட்டார்கள். வீட்டில் அவள் மெத்தையையும் துணிகளையும் அம்மா எரித்திருந்தாள்.

"நோட்டையுமா அம்மா?"

"எல்லாத்தையும்தான்," என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இதே நோயோடு படுத்திருப்பவர்கள் இதை வாசிக்கக்கூடும். உங்களுக்குத் தைரியம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கைக்குட்டையில் கண்டதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களே, படுத்திருப்பவரிடம் எதையும் மறைக்காதீர்கள்; அவருக்கு யோசிக்க நாள் முழுவதும் இருக்கிறது. இப்போது இந்த நோய்க்குப் புது ஊசி மருந்து வந்திருக்கிறதாம். பேப்பரில் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்னும் காற்றேற்றிக்கொள்கிறேன். எனக்குக் கிழமைகள் கிடையாது. ஊசிக்கு முன்பு, ஊசிக்குப் பின்பு, அவ்வளவுதான். பூசையில் எல்லோரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைக்கிறேன். இடப்பக்கம் கை வைத்தால் உள்ளே ஒன்றும் ஏறி இறங்குவதில்லை.

போன முறை டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார்: "குழி மூடிடுச்சும்மா. இனிமே காத்து வேணாம். விட்டா நுரையீரல் தானே விரிஞ்சுக்கும்."

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும் டாக்டர்," என்று சொல்லிவிட்டு, சட்டையை ஒதுக்கிக் கையைத் தூக்கினேன்.