நிஸ்தார் எழுதிய கவிதைகள்

ஜின்னும் பேயும் வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு என்று வகுப்பிலேயே சொல்லிச் சிரிக்கிறவள் நான். உக்குவளையில் ஏ.எல். பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன், கண்டதையும் நம்புகிற புத்தி எனக்கில்லை. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள்.

நிஸ்தார் மாத்தளையில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவன். அவன் ஆங்கிலக் கவிதைப் புத்தகம் வெளியிடுகிறான் என்று அழைப்பிதழ் வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளுக்கு ஆங்கிலத்தில் ஒரு லீவு லெட்டர் எழுத வராது! அத்தனையும் அவன் மனைவி சபீனாவின் கவிதைகள். நானும் அவளும் ஒன்றாக ரயிலில் கண்டிக்குப் போய் வெளிவாரிப் பட்டம் படித்தவர்கள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முற்றிக் கண் போன பிறகு அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, இவன் ஃபோனில் தட்டிக்கொடுப்பான். தட்டிக்கொடுத்தவன் கவிஞனாம், வெட்கங்கெட்ட பிறவி. அவள் மௌத்தாகி, அடக்கி வருஷம் திரும்பவில்லை, அட்டையில் இவன் பெயர், இவன் படம்.

மண்டபத்தில் பொன்னாடை, மாலை, ஒரு வரி விளங்காமலே கைதட்டுகிற கூட்டம். பிரதம அதிதியின் கண் கட்லட் தட்டிலேயே இருந்தது. இவன் வாசிக்கிற அழகைப் பழைய சிநேகிதிகளுக்குப் போட்டுக்காட்டிச் சிரிக்கலாம் என்று, பின்வரிசையில் உட்கார்ந்து கைப்பைக்குள் ஃபோனை வைத்துப் பதிவுசெய்தேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நின்று நின்று வாசித்தான். ஓரிடத்தில் ஒரு சொல்லைக் கொலை செய்தான். உடனே நிறுத்தி, எச்சிலை விழுங்கி, அந்த வரியை முதலிலிருந்து சரியாக வாசித்தான்.

“பாருங்க, எவ்வளவு உணர்ச்சி!” என்றார் அறிவிப்பாளர். எனக்கு வாந்தி வராத குறை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பதிவைப் போட்டேன். வல்லாஹி, பொய்யில்லை, அவன் ஒவ்வொரு வரியையும் வாசிக்கும் முன் அதே வரியை ஒரு பெண் குரல் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிறது. அவன் பிழைவிட்ட இடத்தில், “அப்பிடி இல்ல, திருப்பி வாசிங்க” என்கிறது. சபீனாவின் குரல். ஊற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணி கோப்பை நிரம்பி மேசையெல்லாம் வழிந்தது.

பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மறுநாள் அவன் கடைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று பதிவைப் போட்டேன்.

“கேளுங்க நிஸ்தார் நானா. புத்தகத்துல அவ பேரப் போடுங்க, இல்லாட்டி ஊருக்கே கேக்க வைப்பேன்.”

மறுப்பான், சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அவன் முகமோ மலர்ந்துவிட்டது.

“அப்ப உங்களுக்கும் கேக்குதா டீச்சர்? எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன். இப்பவும் புதுசு புதுசா சொல்றா. அவ வேகத்துக்கு எனக்குத் தட்ட ஏலாம இருக்கு. நீங்க ஒரு நாளைக்கு வந்து எழுதித் தருவீங்களா?”

திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். பதிவையும் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. போட்டுக்காட்டி அவர்களுக்கு அந்தக் குரல் கேட்காவிட்டால், நானும் அவனும் ஒரே பைத்தியக் கணக்கில் சேர்ந்துவிடுவோமே.

போன மாதம் இரண்டாவது புத்தகம் வந்தது. அட்டையில் இவன் பெயர்தான், மானங்கெட்டவன். கடைசிக் கவிதையில் பின்வரிசைக்காரி ஒருத்தி கைப்பைக்குள் ஃபோனை மறைத்து வைத்திருக்கிறாள். என் புருஷன் வாசிப்பதைச் சிநேகிதிகளுக்குப் போட்டுக்காட்டிச் சிரிக்காதே என்று கவிதை அவளைக் கேட்டுக்கொள்கிறது. சிரிக்கத்தான் பதிவுசெய்தேன் என்று இன்றைக்கு உங்களிடம் சொல்லும் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.