கயிற்றை அறுத்த கை

ஜெர்மன் சண்டைக்காக பாஸ்ராவுக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சபையார் அவருக்கு மாலை போட்டு வேதக்கோயிலில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஆராதனை தொடங்கியதும் மனிதர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசிப் பாயில் போய் உட்கார்ந்தார். அந்தப் பாய் சபை தள்ளிவைத்தவர்களுடையது. திருட்டுத்தனமாகக் கள் குடித்தவன், இரண்டாம் தாரம் கட்டியவன் எல்லாரும் தண்டனை முடியும்வரை அதில்தான் உட்கார வேண்டும். நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது.

பெண்கள் பக்கமிருந்த அத்தனை தலைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தன. பாஸ்ராவில் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நானும்தான். வீட்டுக்கு வந்ததும் மீன்சட்டியைத் தரையில் போட்டு உடைத்தேன்.

“அவ பேரு என்ன? அதையாவது சொல்லுங்க.”

“எவ பேரு?” என்று முழித்தார். புரிந்ததும் சிரிப்பார் என்று பார்த்தால், அழுதார்.

அங்கே பட்டாளத்தாரை ஏற்றிக்கொண்டு ஆற்றில் போகும் படகில் அவருக்கு வேலை. ஒருநாள் பின்வாங்கி வரும்போது, எதிரிப் படையாள் ஒருவன் தண்ணீரில் தத்தளித்து, படகுக்குப் பின்னால் கிடந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டானாம். அறுக்கச் சொல்லி துரை கத்தியிருக்கிறார். இவர் அறுத்துவிட்டார்.

“உத்தரவு துரையோடது. கத்தி என் கையிலல்லா இருந்துச்சு. அவன்கிட்ட துப்பாக்கிகூட இல்ல, ஏளா.”

தாமிரபரணியில் நீந்தி வளர்ந்த மனிதர், வந்ததிலிருந்து கிணற்றடியில் குளித்த காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தண்டனை கொடுங்கள் என்று சபையாரிடம் அவரே போய்க் கேட்டார். “சண்டையில செஞ்சத நாம எப்படி வே விசாரிக்க? சர்க்காரே மெடல் குடுத்திருக்கு,” என்றார் ஒரு மூப்பர். கள் குடித்தவனை விரட்டிப் பிடித்துத் தள்ளிவைக்கிற சபைக்கு இதில் மட்டும் வாயடைத்துப் போயிற்று. எனக்கு எரிச்சலாக வந்தது. இவரோ வாராவாரம் அந்தப் பாயிலேயே போய் உட்கார்ந்தார். சாப்பாடு பாதியாயிற்று. ஆளை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். அவர் வீட்டுக்கு நேரே போனேன்.

“என் வீட்டுக்காரருக்குத் தண்டனை குடுங்க ஐயரே.”

“புருஷனுக்குத் தண்டனை கேட்டு வந்த பொம்பளைய இப்பதாம்மா பாக்குதேன்.”

“நீங்க குடுக்கலன்னு அவரே தனக்குக் குடுத்துக்கிடுதாரு. அதுக்கு முடிவே இல்ல. நீங்க குடுத்தா ஒருநாள் முடியும்லா?”

அடுத்த ஞாயிறு ஐயர் இவரை முன்னால் அழைத்து, செய்ததைச் சொல்லச் சொன்னார். இவரும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கிறிஸ்துமஸ் வரை நற்கருணை இல்லை என்றார் ஐயர். அதோடு இன்னொன்றும் சேர்த்தார்.

எங்கள் வயல்கள் அக்கரையில். ஐப்பசியில் ஆறு பெருகினால் இரு கரைக்கும் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் கடப்போம். நடு ஆற்றில் மார்பளவுத் தண்ணீரில் ஒருவர் நின்று, கால் வழுக்குகிறவர்களைப் பிடிக்க வேண்டும். அந்த மழைக்காலம் முழுக்க அந்த வேலை இவருடையது.

முதல் நாள் இவர் நடுங்கிக்கொண்டே ஆற்றில் இறங்கி நின்றார். கரையில் கூடியிருந்தவர்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கயிற்றை அறுத்தவரை நம்பி யார் முதலில் இறங்குவது? நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். அவரை நெருங்கும்போது நிஜமாகவே கால் வழுக்கிற்று. தண்ணீர் மூக்கில் ஏறுமுன் என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

“பிடிச்சிட்டேன், ஏளா. பைய போ.”

அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூப்பரும் இறங்கினார்.

அன்று மத்தியானம் புதுச் சட்டியில் மீன்குழம்பு வைத்தேன். அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.