கவிழ்த்து வைத்த கடற்போர்

மெரிலேண்ட்ஸ் நூலகத்தில் மேசை துடைத்தவர், படகில் அகதியாக வந்த ஈழத்துக்காரர். சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருப்பார். நான் கவிழ்த்து வைக்கும் புத்தகத்தை ஒவ்வொரு முறையும் மூடிவிடுவார். பக்கம் தொலைந்துவிடும்.

“கவிட்டு வைக்கக் கூடாது பிள்ளை. சரஸ்வதி.”

எங்கள் குடும்பத்தில் கல்லூரியை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். எனக்கே சரஸ்வதியா! முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கப்பற்படைகள் மோதியதைப் பற்றிய கட்டுரையை அன்று ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மூன்றாம் முறை மூடியபோது வெடித்துவிட்டேன்.

“யார் ஜெயிச்சாங்கன்னு எழுதணும் அங்கிள், விடுங்க!”

“ஆர் வெண்டது?”

“ரெண்டு பேருமே நாங்கதான்னு சொல்றாங்க.”

“தண்ணிக்குள்ள விழுந்த ஆக்களை ஆர் ஏத்தினது?”

“அது கேள்வியில இல்ல.”

“ஓம்,” என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மணி நாலரை. கட்டுரை பாதியில் நிற்க, அவரைத் திட்டிக்கொண்டே, விழுந்தவர்களைப் பற்றிய பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.