சதுப்பைத் தாண்டிக் குதித்த பாட்டு

டோங்காவில், வவாவுத் தீவுக்காரன் உவைசெலேவுக்கு இரண்டில் பெயர்: பாட்டில் ஒளிந்திருப்பதைப் பிரித்துச் சொல்வது, கை நீட்டுவது. இதுவரை ஏழு மூக்கு உடைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்த மூக்குகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உரக்கப் பாடுவான்.

மூன்று வருடத்துக்கு முன் கிழங்குத் தோட்டத்தைக் கிளறிய சினைப்பன்றியைச் சதுப்புவரை துரத்தி, மூன்று வெட்டில் சாய்த்து, அங்கேயே புதைத்தான். பன்றி மச்சான் ஃபொலாவுவுடையது. திருட்டுப் போயிற்று என்று ஃபொலாவு சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். விஷயம் தெரிந்தால் அவனும் நான்கு தம்பிகளும் தன்னைத் துவைத்துவிடுவார்கள் என்பது உவைசெலேவுக்குத் தெரியும்.

சர்ச் விழா ஆட்டத்துக்கு ஃபொலாவுதான் பாட்டுக் கட்டினான். பாட்டில் ஆளை நேராகச் சொல்வது அங்கே மட்டமான வேலை. பூவைச் சொல்லி ஆளைக் காட்ட வேண்டும். ஒத்திகையில், ஆட வந்த லோசே அலுத்துக்கொண்டாள்: "என்னய்யா, வெறும் பூவும் காத்துமா இருக்கு? உவைசெலே, நீதான் சொல்லேன்."

அவன் எழுந்தான். "காதல் பாட்டுன்னு நெனச்சு நெளியுறீங்க. இது கோவப் பாட்டு. அடிக்கு ஒரு இடம்: துறை, சர்ச்சு, கிணறுன்னு நடக்குற வழியாவே வருது. நாலாவது அடி மட்டும் ஒரு இடத்தைத் தாண்டிக் குதிக்குது. வாய்விட்டுச் சொல்லாத கோவம் அங்கதான் பதுங்கியிருக்கு."

கைதட்டினார்கள்.

"தாண்டுன இடம் எது மச்சான்?" ஃபொலாவு பணிவாகக் கேட்டான்.

"சதுப்பு."

"மாலைக்கு மூணு முடிச்சுன்னு வருதே?"

"அது சும்மா அழகுக்கு," என்றான் உவைசெலே.

"தெரியலேன்னா உக்காரு," என்றாள் லோசே. "பெரிய பண்டிதரு!" கூடமே சிரித்தது.

மூன்று வருடம் காத்த வாய் அந்தச் சிரிப்பைத் தாங்கவில்லை. "மாலைன்னா சினைப்பன்றி. முடிச்சுன்னா வெட்டு. கழுத்துல ரெண்டு, முதுகுல ஒண்ணு."

ஃபொலாவு மேளக்கட்டையைக் கையில் எடுத்தான்.

"போன மழையில எலும்பு மேல வந்துச்சு," என்றான் ஃபொலாவு. முகத்தில் சிரிப்பு இல்லை. "வெட்டு எத்தனைன்னு அது சொல்லிருச்சு. வெட்டுனவன் யாருன்னு நீயே சொல்லணும்னுதான் பாட்டு எழுதினேன்."

மேளக்கட்டை உவைசெலேவின் வாயில் இறங்கியது. தம்பிகள் விலாவில் மிதித்தார்கள். உவைசெலே கடைசித் தம்பியின் காதைக் கடித்துத் துப்பினான். பாயெல்லாம் ரத்தம். லோசே ஒருவனைத் தள்ளி, அவன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மறுபடி கட்டை ஓங்கியபோது உவைசெலே கையைத் தூக்கி, இரண்டு பல்லைத் துப்பினான்.

"கடைசி அடியில ரெண்டு சொல்லு கூடுதல், மச்சான்."

ஃபொலாவு நின்று, அடியை முணுமுணுத்துப் பார்த்தான். சரிதான். அந்த ஆத்திரத்தில் இன்னும் ஓங்கி அடித்தான், உவைசெலேவின் முழங்கை முறிந்தது.

விழாவில் கடைசி அடியை இரண்டு சொல் குறைத்தே பாடினார்கள்.